மூன்றாம் நாள் முடிவு: சிறிய மருத்துவமனையில் குடல் அழற்சிக்கு எப்போது அறுவை, எப்போது அனுப்புவது

பெருங்குடல் புண் அழற்சி (அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பெருங்குடலின் உட்சவ்வு புண்ணாகி ரத்தம் கசியும் நாட்பட்ட நோய்) முற்றிய நிலையில் ஒருவர் தாலுகா மருத்துவமனையில் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை ரத்தமும் சீதமுமாகப் போகிறது. அங்கே அறுவை மருத்துவர் ஒருவர் இருக்கிறார். மயக்க மருந்து மருத்துவர் கூப்பிட்டால் வருவார். எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்டு, சாதாரண ரத்தப் பரிசோதனைகள், ரத்தச் சேமிப்பு அறையில் சில பைகள் ஆகியவை உண்டு. சி.டி. ஸ்கேன், தீவிர சிகிச்சைப் பிரிவு, குடல்நோய் நிபுணர், திசு ஆய்வுக்கூடம் ஆகியவை இல்லை. இந்த நிலையில் நான்கு வழிகள் திறந்திருக்கின்றன. அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டைத் தொடர்ந்து கொடுத்துக் காத்திருக்கலாம். அடுத்த கட்ட மருந்துக்குப் போகலாம். மேல் சிகிச்சைக்கு அனுப்பலாம். இங்கேயே வயிற்றைத் திறக்கலாம். எந்த நோயாளிக்கு எது பொருந்தும் என்பதைக் கிராமப்புறத்தில் வேலை செய்யும் இளம் அறுவை மருத்துவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். நோயாளியின் வீட்டாரும் படிக்கலாம். முடிவில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

இது மேலைநாட்டு நோய், நம் ஊரில் ரத்தபேதி என்றால் அமீபாதான், கிருமிதான் என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. பஞ்சாபின் லூதியானாப் பகுதியில் வீடு வீடாகச் சென்று எடுக்கப்பட்டு 2003இல் வெளியான ஆய்வு, லட்சம் பேரில் சுமார் 44 பேருக்குப் பெருங்குடல் புண் அழற்சி இருப்பதாகக் காட்டியது. இருந்தும் கிராமத்து நோயாளி நம்மிடம் வந்து சேரும்போது பல மாதங்கள் கழிந்திருக்கின்றன. மூலம் என்று களிம்பு பூசியிருப்பார், சூடு என்று பத்தியம் இருந்திருப்பார், மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கியிருப்பார். எடை குறைந்து, ரத்தம் குறைந்து, கால் வீங்கிய பிறகு வருகிறவரைப் பற்றித்தான் நாம் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. நகரத்து ஆய்வேடுகளில் வரும் நோயாளி பெரும்பாலும் இவரைப் போல் இருப்பதில்லை.

முதல் மூன்று நாள்

ஸ்டீராய்டு ஊசி போடுமுன் ஒரு வேலை இருக்கிறது. மலத்தை எடுத்த சூடு ஆறுவதற்குள் நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். ரத்தச் சிவப்பணுக்களை விழுங்கிக்கொண்டு நகரும் அமீபா தென்பட்டால் கதையே வேறு. அமீபாப் புண்ணுக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் குடல் ஓட்டையாகும் அபாயம் இருக்கிறது. ஐயம் தீராவிட்டால் அமீபாவைக் கொல்லும் மெட்ரோனிடசோலையும் சேர்த்துத் தொடங்குவதில் தவறில்லை. மலக்குடலைக் குழாயால் மென்மையாகப் பார்க்க முடிந்தால் பாருங்கள். ஆசனவாயிலிருந்தே தொடங்கி, இடைவெளியில்லாமல் சிவந்து, தொட்டால் ரத்தம் கசியும் சவ்வு இந்த நோயை நோக்கிக் கை காட்டும். கடும் தாக்குதலின்போது உள்ளே ஆழமாகப் போக வேண்டாம். காற்று ஏற்றி வீங்கவைக்கவும் வேண்டாம்.

தாக்குதல் எவ்வளவு கடுமையானது என்பதை அளக்க ட்ரூலவ், விட்ஸ் என்ற இருவரும் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து 1955இல் கொடுத்த அளவுகோல் இன்றும் நம் கைக்கு அடக்கமானது. நாளொன்றுக்கு 6 முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு மலம் போக வேண்டும். அதோடு நாடித்துடிப்பு 90க்கு மேல், காய்ச்சல் 37.8 டிகிரிக்கு மேல், ஹீமோகுளோபின் 10.5க்குக் கீழ், ஈ.எஸ்.ஆர். என்ற அழற்சி அளவு 30க்கு மேல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் கடுமையானதே. நம் பெண்கள் பலருக்கு நோய் வருமுன்பே ஹீமோகுளோபின் 10தான் இருக்கிறது. ஆகவே நான் நாடித்துடிப்பையும் காய்ச்சலையும்தான் அதிகம் நம்புகிறேன்.

கடுமை உறுதியானால் ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நரம்பில் போடுகிறோம். பொட்டாசியத்தைச் சரிசெய்ய வேண்டும். காலில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் போட வேண்டும். மலத்தில் ரத்தம் போகிறதே என்று பயந்து அதை நிறுத்திவிடுகிறார்கள், அது தவறு. வலிக்கு ஓப்பியம் சார்ந்த மருந்துகளும், பேதியை நிறுத்த லோபரமைடும் இந்த நேரத்தில் கூடாது, குடல் வீங்கிவிடும். தினமும் ஒரு சாதாரண வயிற்று எக்ஸ்ரே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறுக்குப் பெருங்குடலின் அகலம் 6 செ.மீ.யை எட்டினால் அது நச்சு வீக்கம்.

மருந்துக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் தேறிவிடுவார்கள். மீதி ஒரு பங்கினர் யார் என்பதை மூன்றாம் நாளிலேயே ஓரளவு கண்டுபிடிக்க முடியும் என்று 1996இல் ஆக்ஸ்ஃபோர்டு குழு ஒன்று காட்டியது. மூன்றாம் நாளில் 8 முறைக்கு மேல் மலம் போனாலோ, 3 முதல் 8 முறை போய், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்த அளவு 45க்கு மேல் இருந்தாலோ, மருத்துவமனையில் சேர்ந்த அந்த முறையே பெருங்குடலை எடுக்க வேண்டிவரும் வாய்ப்பு 85 சதவீதம். பின்னர் வந்த மருந்துகள் அந்த எண்ணைக் குறைத்திருக்கின்றன. ஆனால் அந்த மருந்துகள் கிடைக்காத இடத்தில் 1996இன் கணக்கு இன்னமும் நம் கணக்குதான்.

இதற்குத் தேவை ஒரு நோட்டும் பேனாவும். ஒவ்வொரு முறையும் எப்போது போனார், ரத்தம் இருந்ததா, எவ்வளவு என்று செவிலியரோ கூட இருக்கும் அம்மாவோ குறித்துவைக்க வேண்டும். 'பரவாயில்லை, குறைந்திருக்கிறது' என்ற பதிலை வைத்துக்கொண்டு முடிவெடுக்காதீர்கள்.

காத்திருப்பதும் இன்னொரு மருந்தும்

மூன்றாம் நாள் அளவுகோலில் தேறாதவருக்கு 'இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்' என்று ஸ்டீராய்டை மட்டும் நீட்டிப்பது நான்கு வழிகளிலும் மோசமானது. அதுவே எல்லா இடத்திலும் அதிகம் நடக்கிறது. காரணம் புரிகிறது. அந்தச் சொல்லுக்கு யாரும் கோபப்பட மாட்டார்கள்; வீட்டாருக்கு ஆறுதல்; மருத்துவருக்கும் கத்தி எடுக்காத நிம்மதி. ஆனால் நோயாளியின் உடலில் அந்த இரண்டு நாளில் நடப்பது வேறு. புரதம் கரைகிறது, குடல்சுவர் மெலிகிறது, தொற்றை எதிர்க்கும் சக்தி குறைகிறது. ஸ்டீராய்டு வயிற்று வலியையும் இறுக்கத்தையும் மூடி மறைப்பதால், ஓட்டை விழுந்தாலும் வயிறு மிருதுவாகவே இருக்கக்கூடும். நாடித்துடிப்பு ஏறுவது மட்டுமே அடையாளமாக இருக்கும். ஓட்டை விழுந்த பிறகு அறுவை செய்தால் இறப்பு பல மடங்கு கூடுகிறது. ஏழாம் நாள், பத்தாம் நாள் அறுவைக்கு வருபவர் மூன்றாம் நாள் இருந்த அதே மனிதர் அல்லர்.

அடுத்த கட்ட மருந்துகளில் நரம்பில் ஏற்றும் உயிரியல் மருந்தான இன்ஃப்ளிக்ஸிமாப் முதலில் வருகிறது. கிலோவுக்கு 5 மி.கி. வீதம் 50 கிலோ உள்ளவருக்கு ஒரு தவணைக்கு 250 மி.கி. வேண்டும், அதாவது 100 மி.கி. குப்பிகள் மூன்று. தவணையும் ஒன்றோடு முடியாது. மறைந்திருக்கும் காசநோயை அது எழுப்பிவிடும் என்பது நம் நாட்டில் சிறிய கவலை அன்று. மார்பு எக்ஸ்ரேகூடப் பாராமல் கொடுப்பது ஆபத்து. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான சைக்ளோஸ்போரினுக்கு ரத்தத்தில் மருந்தின் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். அந்த வசதி நம்மிடம் இல்லை. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2016இல் வெளியான பிரிட்டன் ஆய்வு பெரிய வேறுபாடு எதையும் காணவில்லை.

எனக்கு நம்பிக்கை தருவது லூதியானாவிலிருந்தே 2024இல் வந்த இன்னொரு ஆய்வு. ஸ்டீராய்டோடு டோஃபாசிட்டினிப் மாத்திரை 10 மி.கி. ஒரு நாளைக்கு மூன்று வேளை, 7 நாள் கொடுத்தார்கள். 104 நோயாளிகளில், மாத்திரை பெற்றவர்களில் 83 சதவீதத்தினர் தேறினர். வெற்று மாத்திரை பெற்றவர்களில் 59 சதவீதம். வாயால் விழுங்கும் மருந்து. இந்தியாவிலேயே பல நிறுவனங்கள் தயாரிப்பதால் விலையும் உயிரியல் மருந்தைவிட மிகக் குறைவு. ஆனால் ஒரே மையத்தில் நடந்த சிறிய ஆய்வு அது. காசநோயும் ரத்த உறைவும் இங்கேயும் கவலைகளே. குடல்நோய் நிபுணர் ஒருவரிடம் தொலைபேசியில் பேசி, அவர் ஒப்புக்கொண்டால் தொடங்கலாம். மருந்து எதுவாக இருந்தாலும் முன்பே ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள்: ஏழாம் நாளுக்குள் தேறாவிட்டால் அறுவை. நச்சு வீக்கமோ ஓட்டையோ அடங்காத ரத்தப்போக்கோ இருப்பவருக்கு இந்த மருந்துகளுக்கே இடமில்லை.

அனுப்புவது

அனுப்புவதைத் தோல்வியாகப் பார்க்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அல்லது பொறுப்பைக் கை கழுவுகிற வழியாக அதைப் பயன்படுத்துகிற வழக்கம். இரண்டுமே நோயாளிக்குக் கேடு. நேரத்தில் அனுப்புவது ஒரு சிகிச்சை. முதல் நாளிலிருந்து மூன்றாம் நாளுக்குள், நாடித்துடிப்பு கட்டுக்குள் இருக்கும்போது, குடல் வீங்குமுன் அனுப்பினால் பயணம் பாதுகாப்பானது. அதே நோயாளியை ஏழாம் நாள் இரவில், வயிறு உப்பி, ரத்த அழுத்தம் இறங்கிய பிறகு வண்டியில் ஏற்றினால் அவர் வழியிலேயே போகலாம்.

இன்று வழி முன்பைவிடச் சுருங்கியிருக்கிறது. 2008 முதல் 108 வண்டி ஓடுகிறது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒன்றாகத் திறக்கப்பட்டன. நீலகிரி, கிருஷ்ணகிரி, ராமநாதபுரம், அரியலூர் போன்ற மாவட்டங்கள் அவற்றில் அடக்கம். ஆனாலும் கூடலூரிலிருந்து ஊட்டிக்குச் சுமார் 50 கி.மீ. மலைப்பாதை. வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு இறங்க 40 கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலத்தில் மண் சரிந்தால் வழியே அடைபடும்.

கிலோமீட்டரை வைத்து முடிவெடுக்காதீர்கள். கத்தி வயிற்றில் படுவதற்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்பதே சரியான அளவு. வண்டி வரும் நேரம், பயண நேரம், அங்கே அவசரப் பிரிவில் மறுபடி எல்லாப் பரிசோதனையும் எடுக்கும் நேரம், அறுவை அரங்கு காலியாகும் நேரம் எல்லாவற்றையும் கூட்டுங்கள். மூன்று மணி நேரப் பயணம் என்று நாம் நினைப்பது பதினைந்து மணி நேரமாகிவிடுவது சாதாரணம். இதைக் குறைக்க ஒரே வழி, அறுவை மருத்துவர் இன்னோர் அறுவை மருத்துவரிடம் நேரடியாகப் பேசுவது. 'நோயாளியை அனுப்புகிறேன்' என்பதோடு நிற்காமல், 'நாளை காலை நீங்கள் வயிற்றைத் திறக்க வேண்டிவரும், ரத்தம் இந்த வகை' என்று சொல்லி அனுப்புங்கள்.

கடிதத்தில் மூன்று நாள் மலக் கணக்கு, கொடுத்த ஸ்டீராய்டின் அளவு, எக்ஸ்ரேப் படங்கள், காசநோய்க்கும் அமீபாவுக்கும் என்ன பார்த்தோம் என்பவை இருக்க வேண்டும். ரத்தம் கொடுக்கக்கூடிய உறவினர் இருவரைக் கூடவே அனுப்புங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று சேர்ந்த நாளிலேயே கேளுங்கள். இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்க ஒருவரை அனுப்பலாம். அரசு மருத்துவமனையில் அறுவைக்குப் பணம் வேண்டாம்தான். ஆனால் கூலிக்குப் போகிற குடும்பத்தில் இரண்டு பேர் மூன்று வாரம் ஊரைவிட்டு வெளியே இருப்பதற்கும் விலை உண்டு. 'வேண்டாம் டாக்டர், நடப்பது நடக்கட்டும், இங்கேயே பாருங்கள்' என்று அவர்கள் சொல்லும்போது அந்த விலையைத்தான் சொல்கிறார்கள். கோபப்படாமல் அதைப் பற்றிப் பேசினால் பாதிப்பேர் புறப்படுகிறார்கள்.

ஓட்டை விழுந்துவிட்டது, அல்லது எக்ஸ்ரேயில் குடல் மணிக்கு மணி விரிகிறது என்றால் கணக்கு மாறுகிறது. ஓரிரு மணி நேரத்துக்குள் கத்தி கிடைக்கும் இடம் இல்லையென்றால், நம்மிடம் மயக்க மருந்து மருத்துவரும் ரத்தமும் இருக்கும்பட்சத்தில், இங்கேயே திறப்பதுதான் நியாயம் என்று நினைக்கிறேன்.

இங்கேயே செய்வது

செய்வதென்றால் எந்த அறுவை என்பதில் தயக்கம் கூடாது. பெருங்குடலை எடுத்துவிட்டு, மலக்குடலை விட்டுவைத்து, சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலப்புறம் திறந்து வைப்பது. மருத்துவ மொழியில் இலியோஸ்டமி. நோயாளிக்கு 'பை வைப்பது'. மற்ற மூன்றோடு இதை ஒப்பிட்டால் காரணம் தெரியும்.

மலக்குடலையும் சேர்த்து எடுப்பது நோயை முழுதாக நீக்கும். ஆனால் இடுப்பெலும்புக் குழிக்குள் இறங்கும்போது ரத்தம் போகும். சிறுநீர், பாலுறவு நரம்புகள் காயப்படலாம். நலிந்த நோயாளி அந்தக் கூடுதல் மணி நேரத்தைத் தாங்க மாட்டார். சிறுகுடலை மலக்குடலோடு உடனே இணைத்துவிட்டால் பை தேவையில்லை. வீட்டார் அதைத்தான் கேட்பார்கள். ஸ்டீராய்டிலும் புரதக் குறைவிலும் இருக்கும் குடலில் போட்ட தையல் பிரிந்தால் சிறிய மருத்துவமனையில் அவரைக் காப்பாற்றுவது மிகக் கடினம். மூன்றாவது, கிளீவ்லாந்தின் ரூபர்ட் டர்ன்புல் 1971இல் விவரித்த முறை: எதையும் எடுக்காமல், வீங்கிய பெருங்குடலில் வயிற்றுச் சுவர் வழியாக ஒரு திறப்பு வைத்துக் காற்றை வெளியேற்றி, சிறுகுடலில் ஒரு வளையத் திறப்பும் வைப்பது. இன்று பெரிய மையங்களில் இதை அரிதாகவே செய்கிறார்கள். ஆயினும் ஓட்டை விழாத நச்சு வீக்கம், பெருங்குடலை எடுத்துப் பழக்கமில்லாத கை, ரத்தப் பை ஒன்றே ஒன்று என்ற நிலையில் அது நோயாளியை மறுநாள் காலை வரை கொண்டுபோய் அனுப்ப உதவும். நோயுள்ள குடல் உள்ளேயே இருப்பதால் ரத்தப்போக்குக்கும் ஓட்டைக்கும் அது தீர்வாகாது.

அறுவையின் சில இடங்களை மட்டும் சொல்கிறேன். நடுவயிற்றில் தாராளமாகத் திறங்கள். குடல் நனைந்த காகிதம்போல் இருக்கும், சிறிய வெட்டின் வழியே இழுத்தால் கிழியும். கொழுப்புத் திரை எங்கேனும் குடலோடு ஒட்டியிருந்தால் அதன் அடியில் மூடிக்கிடக்கும் ஓட்டை இருக்கலாம். பிரிக்காமல் சேர்த்தே எடுத்துவிடுங்கள். மலக்குடலின் மேல்முனையை என்ன செய்வது என்பதில் நூல்கள் பல கருத்து சொல்லும். உள்ளே தைத்து மூடிவிட்டால் பார்க்க அழகு. ஆனால் அந்தத் தையல் விட்டு இடுப்புக்குள் சீழ் கட்டினால் கண்டுபிடிக்க நம்மிடம் சி.டி. இல்லை. அதனால் மலக்குடலுக்கு மேலுள்ள வளைகுடலைச் சற்று நீளமாக விட்டு, காயத்தின் கீழ்முனையில் சளித் திறப்பாக வெளியே கொண்டுவருவதையோ தோலுக்கடியில் புதைப்பதையோ நான் பரிந்துரைப்பேன். விட்டுப்போனாலும் சீழ் வெளியே வரும். ஆசனவாய் வழியாக ஒரு குழாய் சில நாள் இருக்கட்டும். ஹைட்ரோகார்டிசோனைத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

சிறுகுடல் திறப்பு வரும் இடத்தை அறுவைக்கு முன்பே, நோயாளி உட்கார்ந்தும் நின்றும் இருக்கும்போது பேனாவால் குறியுங்கள். சேலையோ வேட்டியோ கைலியோ கட்டும் இடத்தில் வரக் கூடாது. குனிந்தால் மடிப்பு விழும் இடத்திலும் கூடாது. பர்மிங்காமின் பிரையன் புரூக் 1952இல் காட்டியபடி குடலின் நுனியை வெளிப்பக்கமாக மடித்து இரண்டரை செ.மீ. உயரத்துக்கு ஒரு மூக்குபோல நிறுத்துங்கள். நள்ளிரவில் களைத்துப்போய் இந்த இருபது நிமிடத்தில் அவசரப்படுபவர்கள் உண்டு. தட்டையான திறப்பு தோலை அரிக்கும், பை ஒட்டாது, ஒரு நாளைக்கு மூன்று பை வீணாகும். நகரத்தில் அதைச் சரிசெய்ய குடல் திறப்பைப் பராமரிக்கப் பயின்ற ஒரு ஸ்டோமா செவிலியர் இருப்பார். கிராமத்தில் அந்த நோயாளி வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார்.

ஆட்கணக்கையும் பாருங்கள். குழாய் போட்டு முழு மயக்கம் கொடுக்க ஒருவர், உதவிக்கு ஒருவர், பொருந்தும் ரத்தம் குறைந்தது மூன்று பை, முதல் மூன்று இரவும் நாடியும் சிறுநீரும் பார்க்கக்கூடிய செவிலியர் ஒருவர். இவற்றில் கடைசியாகச் சொன்னவர் இல்லையென்றால் அறுவையை நன்றாகச் செய்தும் பயனில்லை. அப்படியானால் அறுவை முடித்து, நிலைப்படுத்தி, மறுநாள் அனுப்புவதைத் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

பையோடு வீட்டுக்கு

சிறுகுடல் திறப்பு நிலைத்தபின் ஒரு நாளைக்கு 500 முதல் 800 மி.லி. வரை வெளியேறும். ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் ஆபத்து. போவது வெறும் நீரன்று; உப்பும் சேர்ந்து போகிறது. பெருங்குடல் இருக்கும்வரை அந்த உப்பை உடல் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தது. அக்னி நட்சத்திர வெயிலில் கரும்பு வெட்டவோ செங்கல் சூளைக்கோ போகிற மனிதருக்கு இது சிறுநீரகத்தைப் பழுதாக்கும் அளவுக்குப் போகலாம். தாகம் எடுக்கிறதே என்று வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தால் போக்கு இன்னும் கூடும். இதை நோயாளிக்கு ஒருமுறைக்கு நான்குமுறை சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் நீரில் 20 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் உப்பு, இரண்டரை கிராம் சமையல் சோடா கலந்த கரைசல் இதற்கென்றே உள்ளது. கூடவே உப்புப் போட்ட கஞ்சி, உப்பு மோர். கிராமத்து உணவில் பழையதும் நீராகாரமும் இருப்பது இந்த நோயாளிக்கு வரம். உப்பைக் குறைக்கச் சொல்லும் வழக்கமான அறிவுரை மட்டும் இவருக்கு வேண்டாம். போக்கு அதிகமானால் சாப்பாட்டுக்கு அரை மணி முன் லோபரமைடு கொடுக்கலாம். தாக்குதலின்போது தடைசெய்த அதே மருந்து இப்போது உதவுகிறது.

பைதான் பெரிய பாரம். ஊர் மருந்துக் கடையில் கிடைக்காது, நகரத்திலிருந்து வரவழைக்க வேண்டும், மாதாமாதம் செலவு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் பையோடு வாழ்பவர்கள் இல்லை. இது திருத்தப்பட வேண்டிய குறை என்று அழுத்திச் சொல்கிறேன். அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் கிடைப்பதுபோல் பையும் மாதந்தோறும் கிடைக்குமானால், 'பை வேண்டாம்' என்று உயிரையே விடத் துணிகிறவர்களில் பலர் அறுவைக்கு ஒப்புக்கொள்வார்கள். அதுவரை, அறுவைக்குப் போகுமுன்பே முதல் இரண்டு மாதத்துக்குப் பை எங்கிருந்து வரும் என்பதை முடிவுசெய்துவிடுங்கள்.

பை நிரந்தரமா என்பது அடுத்த கேள்வி. லண்டனில் பார்க்ஸ், நிக்கோல்ஸ் இருவரும் 1978இல் வெளியிட்ட முறைப்படி, சிறுகுடலிலேயே ஒரு உட்பை செய்து ஆசனவாயோடு இணைக்க முடியும். ஆறு மாதம் கழித்து, ஸ்டீராய்டு நின்று, எடை கூடிய பிறகு, அதையே தொழிலாகச் செய்யும் மையத்தில் மட்டும் செய்ய வேண்டியது. நாளொன்றுக்கு ஐந்தாறு முறையாவது கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும். உட்பையிலேயே அழற்சி வரலாம். பெண்களுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பு குறைகிறது. வீட்டில் கழிப்பறை இல்லாதவருக்கும், குழந்தை வேண்டுமென்று காத்திருக்கும் இளம்பெண்ணுக்கும், நன்கு அமைந்த வெளிப்பையே சில ஆண்டுகளுக்கு மேலான வாழ்வாக இருக்கலாம். இதை அவர்கள் அறிந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.

குறுக்கம்: க்ரோனா, காசநோயா?

அவசரமில்லாத இன்னொரு முடிவு. சாப்பிட்டதும் வயிறு முறுக்கி, சத்தத்தோடு உருண்டு, வாந்தி எடுத்து, எடை குறைந்து வருபவர். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் குறுக்கம். மேலைநாட்டில் இது பெரும்பாலும் க்ரோன் நோய், குடலில் எங்கும் வரக்கூடிய இன்னொரு நாட்பட்ட அழற்சி. நம் நாட்டில் காசநோயாகவும் இருக்கலாம், பிரித்தறிவது பெரிய மையங்களுக்கே கடினம். காசநோய் மருந்தை இரண்டு மூன்று மாதம் கொடுத்துப் பார்ப்பது பரவலான வழக்கம். புண் மட்டும் உள்ளவருக்கு அது நியாயம். ஆனால் தழும்பேறிய குறுக்கத்தை மாத்திரை திறக்காது. காசநோய் குணமானாலும் குழாய் குறுகியே இருக்கும். எடை இழந்துகொண்டே ஆறு மாதம் காத்திருக்கவைப்பதைவிட, இரண்டு வாரம் முட்டையும் பாலும் கஞ்சியுமாக உடம்பைத் தேற்றித் திட்டமிட்டு அறுவை செய்வது மேல் என்பது என் கருத்து. இதற்குச் சிறிய மருத்துவமனை போதும்.

வழிகள் இரண்டு. குறுக்கத்தை நீளவாக்கில் கீறி அகலவாக்கில் தைத்துக் குழாயை விரிக்கலாம். குடல் துளிகூடக் குறையாது. 1977இல் சண்டிகரைச் சேர்ந்த கட்டாரியாவும் உடன் பணியாற்றியோரும் காசநோய்க் குறுக்கங்களுக்கு இதைச் செய்து வெளியிட்டனர். அதன்பிறகே ஆக்ஸ்ஃபோர்டில் இமானுவேல் லீ இதை க்ரோன் நோய்க்குக் கொண்டுசென்றார். ஏழை நாட்டு நோய்க்கு நம் நாட்டு மருத்துவர்கள் கண்ட வழி இன்று உலகம் முழுவதும் க்ரோன் அறுவையின் அடிப்படைகளில் ஒன்று. சிறுகுடலில் அங்கங்கே குட்டையாக, 10 செ.மீ.க்குள் இருக்கும் குறுக்கங்களுக்கு இது. எந்த நோய் என்று தெரியாதபோதும் இரண்டுக்கும் பொருந்துவது இதன் சிறப்பு. சீழ்க்கட்டியோ ஓட்டையோ உள்ள இடத்தில் கூடாது.

சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் பகுதியில் ஒரே இடத்தில் இருக்கும் நோய்க்கு அந்தத் துண்டை எடுத்து இணைப்பதே நல்லது. நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் 143 க்ரோன் நோயாளிகளிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வு, இந்த அறுவை இன்ஃப்ளிக்ஸிமாப்புக்கு ஈடானது என்று காட்டியது. பின்தொடர்ந்து பார்த்தபோது மருந்துக் குழுவில் ஏறக்குறைய பாதிப்பேர் பிறகு அறுவைக்கே வந்தனர். அறுவைக் குழுவில் யாருக்கும் இரண்டாம் முறை குடலை வெட்ட வேண்டிவரவில்லை. அங்கே லேப்ராஸ்கோப்பில், அதாவது சிறு துளைகள் வழியாகச் செய்தார்கள். அந்த வசதி இல்லையென்பதற்காக நாம் ஒதுங்க வேண்டியதில்லை. தொடர்ந்து விலையுயர்ந்த ஊசிக்கு வழியில்லாத நோயாளிக்கு அறுவையை முதல் வழியாகவே சொல்லலாம் என்பதற்கு இது போதுமான சான்று. நீண்டநாள் ஸ்டீராய்டு, சீழ், மிகுந்த மெலிவு இவற்றில் இரண்டு சேர்ந்தால் மட்டும் இணைக்காமல் இரு முனைகளையும் வெளியே வையுங்கள். எடுத்த துண்டிலும் நிணநீர் முடிச்சிலும் ஒரு பங்கை ஃபார்மலினிலும், ஒரு பங்கை வெறும் சலைனிலும் போடுங்கள். ஃபார்மலினில் போட்டால் காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது.

ஆசனவாயைச் சுற்றிப் பவுத்திரம் பலவாக இருந்தால், சீழை வெளியேற்றித் தளர்வாக ஒரு நூல் போட்டு அனுப்புவதோடு நில்லுங்கள். வெட்டித் திறப்பது சாதாரணப் பவுத்திரத்துக்குச் சரி. க்ரோனில் புண் ஆறாமல் மலத்தை அடக்கும் தசை போய்விடும்.

வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள் இருக்க வேண்டும், தமிழில். என்ன எடுத்தோம், எவ்வளவு சிறுகுடல் மிச்சமிருக்கிறது, ஸ்டீராய்டை எந்தத் தேதியில் எவ்வளவு குறைக்க வேண்டும், திசு ஆய்வுக்கு எங்கே அனுப்பினோம், யாரைத் தொலைபேசியில் அழைப்பது. பெருங்குடலை எடுத்தவர் தாளில் இன்னொரு வரி: மலக்குடல் உள்ளேயே இருக்கிறது, அதில் ரத்தமும் சளியும் வரலாம், பின்னாளில் புற்று வரக்கூடும், ஆகவே குறித்த காலத்தில் உள்நோக்கிப் பார்வைக்கு வர வேண்டும். பையோடு பழகி நலமாக இருப்பவர்கள்தான் இந்த வரியை மறந்துவிடுகிறார்கள். அவர்கள் ஊர்க் கிராமச் செவிலியரிடம் தாளின் ஒரு நகலைக் கொடுத்துவையுங்கள்.